ஐஸ் கரைவதற்குள்

அந்த வருடங்களில் கிழமைக்கு இரண்டு நாள் நான் சைக்கிள் கரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போய் வந்தேன். மடியில் ஐஸ் பெட்டி இருக்கும். நீலப் பெட்டி, வெள்ளை மூடி. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்துக் குப்பிகள். முன்னால் என் கணவர் மிதிப்பார். வழி முழுக்க நான் பார்த்தது அவருடைய முதுகைத்தான். சேர்ட் முதலில் கழுத்துக்குக் கீழே நனையும், பிறகு நடுமுதுகு நனையும், ஆறு பெரிதாக வளையும் இடத்தைத் தாண்டும்போது முழுச் சேர்ட்டும் தோலோடு ஒட்டியிருக்கும். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை அந்த ஈரத்தை வைத்தே நான் அறிந்துகொள்வேன்.

நான் அரசாங்கத்தின் மருத்துவமாது, பிரசவமும் பிள்ளைகளும் என் வேலை. சனங்கள் மிஸ்ஸி என்பார்கள். மூதூரில் இருந்து மகாவலி கங்கைக் கரையோரமாக உள்ளே போனால் வரும் கிராமங்கள் என் பொறுப்பில் இருந்தன. முன்பெல்லாம் கிளினிக் நாளில் வான் வரும், டொக்டர் வருவார், நாங்கள் நாலைந்து பேர் சிரித்துக் கதைத்துக்கொண்டு போவோம். யுத்தம் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் வான் இல்லாமல் போனது. டொக்டர் மாற்றலாகிப் போனார், அவருடைய இடத்துக்கு ஆள் வரவில்லை. பிறகு பெரிய ரோட்டில் யாரோ வெடி வைத்தார்கள் என்று ஆமி ரோட்டையும் மூடிவிட்டது. மேலதிகாரியிடம் போய் நான் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "போக ஏலுமெண்டா போங்கோ மிஸ்ஸி. ஏலாட்டி விடுங்கோ. நான் ஒண்டும் கேக்க மாட்டன்" என்றார். நல்ல மனுசன். ஆனால் அப்படிச் சொன்னதால் போவதா விடுவதா என்பதை ஒவ்வொரு கிழமையும் நானே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. போ என்று கட்டளை இட்டிருந்தால் அவரைத் திட்டிக்கொண்டாவது போயிருப்பேன்.

ரோடு மூடியபின் மிஞ்சியது வாய்க்கால் கட்டு ஒன்றுதான். மகாவலியை எங்கள் பக்கத்தில் கங்கை என்றுதான் சொல்வது. கங்கையில் இருந்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக எந்தக் காலத்திலோ வெட்டிய வாய்க்கால் ஒன்று ஆற்றோடு ஒட்டியபடி நெடுந்தூரம் போகும். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு மண்கட்டு. ஒரு மாட்டுவண்டி போகிற அகலம் முன்பு இருந்திருக்கும். நாங்கள் போன காலத்தில் இரண்டு பக்கமும் கரைந்து, நடுவில் ஒரு சைக்கிள் தடம் மட்டும் தெளிவாக இருந்தது. இடப்பக்கம் மருதமரங்களும் அவற்றின் கீழே கலங்கல் ஆறும். வலப்பக்கம் பாசி பிடித்த வாய்க்கால், அதற்கப்பால் வயல். பாதி வயல்கள் விதைக்கப்படாமல் புல் மூடிக் கிடந்தன. மருதமர வேர்கள் தடத்தைக் குறுக்கே கடக்கும் இடங்களில் கரியரில் இருப்பவரின் முதுகெலும்பு அத்தனையும் எண்ணப்படும். கட்டு ஓரிடத்தில் வெள்ளத்தில் உடைந்திருந்தது. அந்த இடத்தில் யாரோ இரண்டு தென்னங்குற்றியைப் போட்டிருந்தார்கள். அதில் இறங்கித்தான் போக வேண்டும். அவர் சைக்கிளைத் தோளில் தூக்குவார், நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொள்வேன்.

அவர் கடல் தொழில் செய்தவர். சொந்தத் தோணி இருந்தது. கடலுக்குப் போகக் கூடாது என்று தடை வந்தபோது முதலில் இரவில் போக வேண்டாம் என்றார்கள், பிறகு இன்ன இடத்துக்கு அப்பால் போக வேண்டாம் என்றார்கள், கடைசியில் காலை நனைக்கவும் வேண்டாம் என்றார்கள். தோணியைக் கவிழ்த்து வைத்துத் தென்னோலை போட்டு மூடினார். சில மாதம் தினமும் போய் ஓலையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார். பலகையில் வெடிப்பு விழத் தொடங்கியதும் போவதை நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டில் சும்மா இருந்த காலத்தில்தான் எனக்கு வான் இல்லாமல் போனது. "நான் கொண்டுபோய் விடுறன்" என்று அவரே சொன்னார். ஒரு நாள், இரண்டு நாள் என்று தொடங்கியது. பிறகு அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. உள்ளூர்ச் சனங்கள் அவரை 'மிஸ்ஸிட மனுசன்' என்றார்கள். அவர் காதில் அது விழும்போது பெடலைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பார்.

ஐஸும் மருந்தும் திருகோணமலை இறங்குதுறையில் இருந்து லோஞ்ச் படகில் வரும். காலமை லோஞ்ச் வராத நாளில் கிளினிக் இல்லை. மருந்து மட்டும் வந்து ஐஸ் தண்ணீராகி இருந்தால் அவர் கரையில் மீன் வாங்கி விற்கும் வாடிக்குப் போய் ஐஸ் வாங்கி வருவார். மீன் இல்லாத வாடியில் ஐஸ் மட்டும் எப்படியோ இருந்தது. வாடிக்காரர் அவருக்குப் பழைய சினேகிதர். "இந்தக் காலத்தில எங்கட ஐஸுக்கு உன்ர மனுசிதான் வாடிக்கை" என்று அவரிடம் சொன்னாராம். அன்றைக்கு முழுவதும் அவர் சிரிப்போடு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வழியில் நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. மூச்சு மிதிப்பதற்குத்தான் காணும். எப்போதாவது ஆற்றைப் பார்த்து, "உப்பில்லாத தண்ணியில என்னதான் இருக்குதோ" என்பார். நான் ஓம் என்பேன். வெயில் ஏற ஏற ஐஸ் பெட்டியின் அடியில் இருந்து குளிர்ந்த நீர் கசிந்து என் வெள்ளைச் சேலையில் வட்டமாக நனையும். அந்தக் குளிர்ச்சி ஒன்றுதான் அந்தப் பயணத்தில் உடம்புக்குக் கிடைத்த சுகம். அதே நேரம் அது ஐஸ் கரைகிறது என்ற செய்தியும்தான்.

நான் சொல்ல வந்த நாள் சிறுபோக வயல்கள் மஞ்சளித்துக் கிடந்த ஒரு நாள். லோஞ்ச் பிந்தி வந்தது. நாங்கள் கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. வாய்க்காலின் பாதித் தூரத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் துருசு ஒன்று இருக்கிறது. அந்தத் துருசடியில் ஆமி ஒரு சென்றி போட்டிருந்தது. மண்மூட்டையும் தகரமும் வைத்த சின்னக் காவலரண். எப்போதும் நிற்பவர்களுக்கு எங்களைத் தெரியும். பெட்டியைத் திறந்து காட்டினால் ஒருவன் ஐஸைத் தொட்டுக் கன்னத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்வான். அன்றைக்கு நின்றவர்கள் எல்லாம் புது முகம். முதல்நாள்தான் ஆட்கள் மாறியிருக்கிறார்கள்.

இறங்கச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குப்பியாக வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். நான் "வெயிலில வைக்க வேண்டாம்" என்றேன். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களம் பயிற்சிக் காலத்தில் பிரசவ விடுதியில் படித்த சிங்களம். மூச்சை இழு, எங்கே நோகிறது, பயப்படாதே, இது எத்தனையாவது பிள்ளை. சென்றியில் நின்று கதைக்க அது உதவவில்லை. ஆனாலும் பிள்ளைகள், ஊசி, ஐஸ் கரைகிறது என்று அந்தச் சொற்களை ஒட்டி ஒட்டிச் சொன்னேன். பெட்டியை மூடிவிட்டார்கள்.

பிறகு அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். சேர்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். தோணி இழுத்த தோளில் தடித்த தழும்பு உண்டு. வலைக் கயிறு இழுத்த உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருக்கும். முழங்கை இரண்டிலும் பழைய காயங்கள். அந்தக் காலத்தில் முழங்கையில் காயம் இருக்கிற ஆம்பிளையை இயக்கத்தில் தவழ்ந்து பயிற்சி எடுத்தவனோ என்று கேட்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவன் அந்தக் காயங்களை விரலால் தொட்டுக் காட்டி மற்றவனிடம் ஏதோ சொன்னான். அவர் கையால் துடுப்புப் போட்டுக் காட்டினார், வலை இழுத்துக் காட்டினார். ஆற்றங்கரையில், கடலில் இருந்து அவ்வளவு தூரத்தில், வெற்றுடம்போடு நின்று அவர் காற்றில் வலை இழுத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறுப்பாக இருந்தவன் இளம்பொடியன். கழுத்தெல்லாம் வேர்க்குரு. இரண்டு மூன்று நாள் நித்திரை இல்லாத கண். அவன் எங்களிடம் கோபப்படவில்லை. ரேடியோவில் கதைத்தான், பதில் வரவில்லை, மறுபடியும் கதைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "நோனா, யன்ன" என்று கட்டுப் பக்கம் கையைக் காட்டினான். என்னைப் போகச் சொல்கிறான். அவரைப் பார்த்து நிலத்தைக் காட்டினான். அவர் இருக்க வேண்டும்.

நான் போகவில்லை. துருசுச் சுவரின் நிழலில் பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஒருவன் எனக்குப் போத்தலில் தண்ணீர் தந்தான். குடித்தேன். நேரம் போனது. நிழல் சுருங்கிப் பெட்டியின் ஒரு மூலையில் வெயில் விழுந்தது. நான் பெட்டியை நகர்த்தி வைத்தேன். அவர் நிலத்தில் குந்தியிருந்தபடி அதைப் பார்த்துவிட்டு மெல்லக் கூப்பிட்டார்.

"நீ போ."

"உங்கள விட்டிட்டு ஏலாது."

"இஞ்ச நிண்டு என்ன செய்யப் போற? ஐஸ் கரையுது. அங்க சனம் பிள்ளைகளோட வெயிலுக்க நிக்கும்."

"நிக்கட்டும். இண்டைக்கு இல்லாட்டி அடுத்த கிழமை."

"அடுத்த கிழமை லோஞ்ச் வருமோ ஆருக்குத் தெரியும்?" என்றவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "சொல்லுறதக் கேள். திரும்பி இந்த வழியாலதான் வருவன், வந்து கூட்டிக்கொண்டு போவன் எண்டு அவனிட்டச் சொல்லிப்போட்டுப் போ. ஒருத்தி வந்து கேப்பாள் எண்டு தெரிஞ்சா என்னை வேற இடத்துக்கு அனுப்ப யோசிப்பாங்கள். நீ இஞ்சயே நிண்டா எங்கள் ரெண்டு பேரையும் வச்சுக்கொண்டு நிப்பாங்கள். அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா, அல்லது என்னை அங்கிருந்து அனுப்புவதற்காக அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்போது யோசிக்கவும் தெம்பு இல்லை. அந்தப் பொடியனிடம் போனேன். சூரியனைக் காட்டினேன், மேற்கே சரிந்து வருவதைக் கையால் காட்டினேன், என்னைக் காட்டினேன், அவரைக் காட்டினேன். திரும்பி வருவேன், இவர் என் மனுசன் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். என்ன விளங்கியது என்று தெரியவில்லை.

பெட்டியைக் கரியரில் வைத்துப் பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும்.

சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளைப் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடியிருக்கிறேன். அதற்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. இது ஆம்பிளைச் சைக்கிள், உயரமான பார், நான் கட்டியிருப்பது சேலை. நடந்தே போனால் போய்ச் சேரும்போது ஐஸ் இராது, சனமும் இராது. அந்த எண்ணம் காலைத் துரத்தியது. ஆனால் கால் மணலில் புதைந்தது.

ஆறு வளையும் இடத்துக்கு முன்னால் எருமைப் பட்டி ஒன்று உண்டு. அதை ஒரு முஸ்லிம் பெண் தனியாக வைத்திருந்தாள். குறிஞ்சாக்கேணியில் இருந்து கலியாணம் கட்டி வந்தவள், புருசன் இல்லை, பால் கறந்து தயிருக்குக் கொடுத்துச் சீவித்தாள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு ஊசி போட்டதும் நான்தான். வாய்க்காலுக்குள் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டதும் ஏறி வந்தாள்.

"என்ன மிஸ்ஸி, தனிய தள்ளிக்கிட்டு வாறீங்க? அவரு எங்க?"

"சென்றியில நிப்பாட்டிப்போட்டாங்கள்."

அவள் முக்காட்டைச் சரிசெய்தாள். "பகல்ல நிப்பாட்டினா விட்டிருவாங்க" என்றாள். தனக்கே சொல்வது மாதிரி இருந்தது. பிறகு சைக்கிளைப் பார்த்தாள். "ஓடத் தெரியுமா?"

"சின்னனில ஓடினது. இதில ஏற ஏலாது."

அவள் என் சேலைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகச் சொன்னாள். கொசுவத்தை முழங்காலுக்கு மேலே தூக்கி, பின்னால் இழுத்துத் தன் கையில் இருந்த கயிற்றால் கட்டினாள். எருமை கட்டுகிற கயிறு, எருமை வாசம். சைக்கிளை ஒரு மருதமர வேரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "வேருல ஏறி நில்லுங்க, காலப் போடுங்க" என்றாள். ஏறி இருந்தேன். பெடலுக்குக் கால் நுனிதான் எட்டியது.

"இறங்கிறது எப்பிடி?" என்று கேட்டேன்.

"முதல்ல ஓடுங்க. இறங்கிறத அங்க போய் யோசிப்பம்."

கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். ஈரப் பாவாடை சளக் சளக்கென்று கேட்டது. சைக்கிள் ஆற்றுப் பக்கமும் வாய்க்கால் பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தது. எப்போது கையை விட்டாள் என்று தெரியவில்லை. அவள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்காமல் போனபோது நான் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை வேரில் ஏறி வாய்க்கால் பக்கம் விழுந்தேன். முழங்கால் உரிந்தது. பெட்டி அவிழவில்லை. மறுபடி ஒரு மரத்தைத் தேடிப் பிடித்து ஏறினேன். கட்டு உடைந்த இடத்தில் நிறுத்தத் தெரியாமல் புதருக்குள் விட்டு நிறுத்தினேன். முதலில் பெட்டியைக் கொண்டுபோய் அக்கரையில் வைத்தேன். திரும்பி வந்து சைக்கிளைத் தூக்கப் பார்த்தேன், ஏலவில்லை. குற்றியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பயத்தால் என்று சொல்ல முடியாது. களைப்புத்தான். அழுது முடிந்ததும் சைக்கிளை உருட்டாமல் இழுத்துக்கொண்டே குற்றி மேல் கடந்தேன்.

கிளினிக் நடப்பது ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலில். கூரையில் பாதி ஓடு இல்லை. கொஞ்சப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். மிச்சப் பேர் பிள்ளைகளை மடியில் போட்டு நிழல் இருந்த ஒரே மூலையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் சைக்கிளோடு வந்து சுவரில் மோதி நின்றதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு தாய் வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா வரேல்லையோ?" என்று கேட்டாள். "வருவார்" என்றேன். அவள் என் முழங்காலைப் பார்த்தாள், சேலையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள், சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். அந்தக் காலத்தில் ஆம்பிளை எங்கே என்ற கேள்வியை ஒரு தடவைக்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் கட்டிகள் விளாம்பழ அளவுக்குச் சுருங்கி நீரில் மிதந்தன. குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சி இருந்தது. நீரும் ஐஸ் மாதிரியே இருந்தது. பாவிக்கலாம். ஆனால் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துப் பிடித்து விரல்கள் சொல்வழி கேட்க மறுத்தன. முதல் பிள்ளையின் தொடையில் ஊசியை வைத்தும் குத்த முடியாமல் எடுத்துவிட்டேன். தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி போய் எங்கிருந்தோ பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். சீனி இல்லை, பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தாள். அதைக் கடித்துக் குடித்தேன். சொட்டு மருந்தை முதலில் கொடுப்போம், அதற்கு இந்த விரல்கள் போதும் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் கை தன்பாட்டில் வேலை செய்யப் பழகிவிட்டது. பிள்ளைகளைக் கொட்டிலில் தொங்கிய தராசில் நிறுத்தேன், பார்த்தேன், ஊசி போட்டேன். அழுகிற பிள்ளை, சிரிக்கிற பிள்ளை, வயிறு ஊதி அழவும் சத்தம் இல்லாத பிள்ளை. ஒவ்வொன்றாக முடிந்தது. ஒரு பிள்ளை என் விரலைப் பிடித்து வாயில் வைத்தது. எனக்கு அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் முகம் வரவில்லை.

முடிந்ததும் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. திரும்பும் வழியில் காற்று எதிரே வந்தது. எதிர்க்காற்றில் மிதிப்பது எப்படி இருக்கும் என்று கரியரில் இருந்த காலம் முழுக்க எனக்குத் தெரிந்ததே இல்லை. எருமைக்காரி பட்டிக்குள் பால் கறந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்று கையைக் காட்டினாள். நான் கையை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

துருசடியில் அவர் குந்தியிருந்த இடம் வெறுமையாக இருந்தது. சேர்ட் மட்டும் மண்மூட்டையில் கிடந்தது.

சைக்கிளைப் போட்டுவிட்டு அந்த இடத்துக்குப் போனேன். சேர்ட்டைக் கையில் எடுத்தேன். அப்போது துருசுக்கு மறுபக்கம் தண்ணீருக்குள் ஆட்களின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாய்க்காலுக்குள் மருதமரம் ஒன்று விழுந்து கிடந்தது. அதைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்கிறார்கள். காவலரணுக்குத் தேவையோ என்னவோ. மூன்று நாலு சிப்பாய்கள் கரையில் நின்று இழுக்க, கழுத்தளவு தண்ணீரில் அவர் நின்று மரத்தின் அடியைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். கண் ஒருதரம் என்மேல் நின்றுவிட்டு மரத்துக்குத் திரும்பியது. நான் துருசுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

மரம் கரையேறும்வரை அவரை வெளியே விடவில்லை. வெளியே வந்தபோது வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தப் பொடியன் அடையாள அட்டையைக் கொடுத்தான். என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். நன்றாகத்தான் சொல்லியிருப்பான், குரல் அப்படி இருந்தது. அவருக்குச் சேர்ட் போட ஏலவில்லை. நான் ஒரு கையை மட்டும் நுழைத்து மற்றப் பக்கத்தைத் தோளில் போட்டுவிட்டேன்.

சென்றியின் பார்வைக்கு மறையும்வரை இருவரும் நடந்தோம்.

"கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"மரம் வழுக்கினது."

"ஹாண்டிலைப் பிடிக்க ஏலுமோ?"

பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. விட்டுவிட்டார்.

"அப்ப நீங்கள் பின்னால இருங்கோ" என்றேன். "நான் ஓடுறன்."

அவர் என் சேலைக் கட்டைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அப்போதுதான் நான் எப்படிப் போய் வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்தது. கரியரில் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நல்ல பாரம். அவர் காலால் நிலத்தை உதைத்து உதைத்துத்தான் சைக்கிளைக் கிளப்பினார். ஓடத் தொடங்கியபின் என் முதுகில் அவருடைய நெற்றி படுவதை உணர்ந்தேன். அவர் சாய்ந்துகொண்டாரா, களைப்பில் தலை தானாக விழுந்ததா தெரியாது. இரண்டு மூன்று இடத்தில் இறங்கினோம், மறுபடி ஏறினோம். வீடுகள் தொடங்கும் இடத்தில், "இஞ்ச நிப்பாட்டு. நான் நடந்து வாறன்" என்றார். ஆட்கள் காண்பார்கள் என்று நினைத்தார். நான் நிறுத்தினேன். இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் தோள் சவ்வு கிழிந்திருக்கிறது, திருகோணமலைக்குப் போய்ப் பெரிய டொக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். லோஞ்சுக்குப் பாஸ் எடுக்க வேண்டும், இறங்குதுறையில் வரிசையில் நிற்க வேண்டும், அங்கே மறுபடி சேர்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். "தன்பாட்டில சரிவரும்" என்று சொல்லி அவர் போகவில்லை. அது சரிவரவில்லை. வலக்கை தோளுக்கு மேலே எழும்பாமல் போனது.

அதற்குப் பிறகு கிளினிக்குக்கு நான் தனியாக ஓடினேன். சேலைக்குப் பதில் பாவாடையும் சட்டையும் போட்டுக்கொள்ள மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் அதற்கும் ஒன்றும் கேட்க மாட்டேன் என்றார். சென்றியில் ஆட்கள் மாறினார்கள், பிறகு சென்றியே இடம் மாறியது. ஒரு வருடம் கட்டு முழுவதும் மூடப்பட்டு, அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் ஊசி இல்லாமலே இருந்தார்கள். திறந்ததும் மறுபடி போனேன். போகும்போது எருமைக்காரி இருந்தால் கொஞ்சம் நின்று கதைத்துவிட்டுப் போவேன். நான் காலையில் கிளம்பும்போது அவர் சைக்கிளுக்குக் காற்றுப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, இடக்கையால் பெட்டியைக் கட்டிவிடுவார். வீதிவரை வருவார். திரும்பி வரும் நேரத்துக்கு அதே இடத்தில் நிற்பார். எவ்வளவு நேரம் முந்தி வந்து நின்றார் என்று நான் கேட்டதில்லை.

யுத்த நிறுத்தம் வந்து கடலைத் திறந்துவிட்டபோது அவருடைய தோணி விறகாகத்தான் மிஞ்சியிருந்தது. வலை இழுக்கவும் தோள் விடவில்லை. வாடிக்காரர் தன் இயந்திர வள்ளத்தில் சுக்கான் பிடிக்கக் கூப்பிட்டார். அதற்கு ஒரு கை போதும். முதல்நாள் கடலுக்குப் போய் வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், கடலால் வந்து குளித்துவிட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்திருந்தார். தோள் நோகுது என்றார். எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து தடவினேன். தடவும்போது கேட்டேன்.

"அண்டைக்கு நான் போன பிறகு என்ன நடந்தது?"

"என்ன நடந்தது? கேள்வி கேட்டாங்கள்."

"பிறகு?"

"பிறகு மரம் இழுத்தம்."

"தோள்?"

"மரம் வழுக்கினது எண்டு அண்டைக்கே சொன்னனே."

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். மரம் வழுக்கினால் தோள் கிழியும்தான். அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன், இதே பதில்தான், ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. நான் எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் தலையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே நித்திரையாகிப் போனார்.